குருவி சொன்ன சேதி

பெங்களூர்வாழ் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோலார் தங்கவயலை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, கிருஷ்ணராஜபுரத்திலோ கன்டோன்மென்டிலோ இறங்கி, இருட்டிய பின் வீடு திரும்பியவர்கள் நம்முள் பலர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின் அந்த ரயிலையே நம்பி அடுப்பெரித்த வீடுகள் எத்தனையோ. நாங்களும் அந்த ரயிலில் வந்தவர்களே. பாட்டனார் கிணறு தூர் வாரினார். தந்தையார் சுரங்கத்தில் இறங்கினார். நாங்கள் பீனியாவில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, கழிவுநீர்த் தொட்டிகளின் மூடியைத் திறந்தோம். மூன்று தலைமுறையும் மண்ணுக்குக் கீழே பிழைத்தது. மூன்று தலைமுறைக்கும் இருந்த கேள்வி ஒன்றுதான்: கீழே உள்ள காற்று மூச்சுக்கு ஆகுமா, ஆகாதா?

பாட்டனார் அந்தக் கேள்வியை ஓர் அரிக்கேன் விளக்கிடம் கேட்டார். குடியாத்தம் பக்கத்துச் சிற்றூர்களில், நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றில் ஆள் இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது வழக்கம். விளக்கு அணைந்தால் அன்று வேலை இல்லை. வேப்பங்கிளையை வெட்டிக் கயிற்றில் கட்டி, கிணற்றுக்குள் மேலும் கீழுமாக நெடுநேரம் வீசிக் காற்றைக் கலக்கிவிட்டு மறுபடி விளக்கை இறக்குவார்கள். படிப்பறியாதவர்கள் கண்ட இந்தச் சோதனையில் நல்ல விஞ்ஞானம் இருக்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் பிராண வாயு நூற்றுக்கு 20.9 பங்கு, அது ஏறத்தாழ 16, 17 என்னும் அளவுக்கு இறங்கும்போது சுடர் அணைந்துவிடும். மனிதனுக்கு அந்த அளவில் மூச்சு வாங்கும், அறிவு தடுமாறும். ஆனால் உடனே உயிர் போகாது. சுடர் மனிதனுக்கு முன்னே இறந்து, அவனைக் காத்தது.

தந்தையார் வேலை பார்த்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அங்கே பாறைக்கு வெடி வைத்தபின், புகை விலகும்வரை எவரும் அந்தப் பக்கம் போகலாகாது. வெடிப்புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கார்பன் மோனாக்சைடும் உண்டு. முன்னது நெடியால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பின்னதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. "கண்ணுக்குத் தெரியற புகைக்குப் பயமில்லைடா, தெரியாததுதான் ஆளை அமுக்கும்" என்பார் தந்தையார். இரவெல்லாம் அவர் இருமும் ஓசையைக் கேட்டுக்கொண்டேதான் நாங்கள் பாடம் படித்தோம்.

விளக்குக்கு ஒரு குறை உண்டு. பிராண வாயு குறைந்தால் மட்டுமே அது சொல்லும். நஞ்சு கலந்திருந்தால் சொல்லாது. உயிரைக் கொல்லும் அளவு கார்பன் மோனாக்சைடு சூழ்ந்திருக்கையிலும் சுடர் சிரித்துக்கொண்டே நிற்கும். மீத்தேன் நிறைந்த இடத்திலோ, எச்சரிக்க வந்த விளக்கே கொள்ளி ஆகிவிடும். ஆதலால்தான் 1890-களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர், சுரங்கத்துக்குள் சிறு பறவைகளைக் கொண்டுசெல்லும்படி யோசனை சொன்னார். கானரி என்னும் மஞ்சள் குருவி மனிதனைவிட விரைந்து மூச்சுவிடுவது. கார்பன் மோனாக்சைடு முதலில் அதைத்தான் தாக்கும். குருவி தண்டிலிருந்து சாய்ந்தால் மனிதர்கள் மேலே ஓடி வந்துவிடுவார்கள். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை அந்தக் குருவிகள் பணியில் இருந்தன. மயங்கிய குருவியை மீட்பதற்கென்றே பிராண வாயு உருளை பொருத்திய சிறு கூண்டும் செய்திருந்தார்கள். கொடுமைதான், ஆயினும், தம்மைக் காக்கும் உயிரைத் தாமும் காக்கவேண்டும் என்று அந்தச் சுரங்கத்தாருக்குத் தோன்றியிருக்கிறதே!

எங்கள் காலத்துக் குருவி பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளங்கையில் அடங்கும் மஞ்சள் பெட்டி. தொழிற்சாலையில் அதற்குப் பெயர் கேஸ் டிடெக்டர். சங்கத்து நண்பர் ஒருவர் "வளிகாட்டி" என்று தமிழாக்கித் தந்தார், நல்ல சொல்தான். ஆனால் அது கீச்சிடுவதைக் கேட்ட எங்கள் ஆட்கள் அதற்கு முன்பே "குருவி" என்று பெயர் சூட்டிவிட்டார்கள். அகராதியைவிட ஆட்கள் எப்போதும் ஒரு நாள் முந்திக்கொள்கிறார்கள்.

இந்தக் குருவி நான்கை மோப்பம் பிடிக்கும்: பிராண வாயு, தீப்பிடிக்கும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு. பிராண வாயு 19.5-க்குக் கீழே போனாலும் 23.5-க்கு மேலே ஏறினாலும் அலறும். மீத்தேன் காற்றில் நூற்றுக்கு 5 பங்கு சேர்ந்தால் பற்றிக்கொள்ளும். அந்த 5-ஐ இது 100 என்று வைத்துக்கொண்டு, 10 ஆனதுமே கூவத் தொடங்கும். ஹைட்ரஜன் சல்பைடுக்குப் பத்து இலட்சத்தில் 10 பங்கு போதும். அழுகிய முட்டையின் நாற்றம் உடைய இந்த வாயுவே சாக்கடையின் கொலைகாரன். நாற்றம் தெரிகிறதே, பயமென்ன என்று கேட்கக்கூடாது. பத்து இலட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால், சில நிமிடங்களில் மூக்கே மரத்துப்போகும், நாற்றம் நின்றுவிடும். "வாடை போயிடுச்சு, இறங்கு" என்று சொல்லும் நேரம்தான் எல்லாவற்றிலும் கொடிய நேரம்.

மூடியைத் திறந்தவுடன் ஆள் எட்டிப் பார்க்கலாகாது; கருவியைத்தான் இறக்கவேண்டும். மீத்தேன் காற்றைவிட இலேசானது, மேலே தங்கும். ஹைட்ரஜன் சல்பைடு கனமானது, அடியில் படுக்கும். ஆகவே மேல், நடு, அடி என ஒவ்வொரு நான்கடிக்கும் நிறுத்தி, எண் நிலைபெறும்வரை பொறுத்துப் பார்க்கவேண்டும். ஆள் இறங்கியபின் கருவி அவன் மூக்கருகே, காலரில் இருக்கவேண்டும். பீடிக்கட்டோடு சட்டைப்பைக்குள் திணித்துக்கொள்பவர்களை நாங்கள் எத்தனை முறை கடிந்திருக்கிறோம்!

இவ்வளவும் அறிந்த நாங்கள்தான் அந்தப் பிழையைச் செய்தோம்.

2011-ஆம் ஆண்டு மழைக்காலம். பன்னிரண்டடி ஆழமுள்ள கழிவுநீர்த் தொட்டியில் பம்பு அடைத்துக்கொண்டது. மேலே உற்பத்தி நின்றுபோயிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாரேனும் வந்து "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இறங்க முன்வந்தவன் திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன். ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நாங்கள் முறைப்படி குருவியைக் கயிற்றில் இறக்கினோம். எட்டாவது அடியில் அலறியது. மேலே எடுத்தோம், நின்றது. மறுபடி இறக்கினோம், அலறியது. ஹைட்ரஜன் சல்பைடு 38 என்று காட்டிற்று.

அப்போது எங்களுள் ஒருவர் சொன்னார்: "இது போன வாரமே கோளாறு பண்ணுச்சு. இன்னொன்றை எடுத்து வாங்க." யார் சொன்னது என்று இன்று பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை, மறுத்தவர் எவரும் இல்லை. இரண்டாவது கருவி வந்தது. எட்டடியிலும் அமைதி, பன்னிரண்டடியிலும் அமைதி. நான்கு எண்களும் ஒழுங்காக நின்றன. ஹைட்ரஜன் சல்பைடு: சுழி. எங்களுக்கு எவ்வளவு நிம்மதி! இரண்டு சாட்சிகளில் எங்களுக்கு வேண்டியதைச் சொன்ன சாட்சியை உண்மையாளன் ஆக்கிவிட்டோம். பையன் இடுப்பில் வாரும் கயிறும் கட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கினான்.

மூன்றாவது படியில் அவன் கால் வைத்தபோது, "ஸ்வல்ப நில்லி" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. எங்கள் பிரிவின் மூத்தவர், கன்னடக்காரர். நாங்கள் அவரை அண்ணா என்போம். அந்தச் சொல்லில் இரு மொழிக்கும் வழக்கில்லை. அவர் ஒன்றும் வாதிடவில்லை. சோதனை வாயு நிரப்பிய சிறு உருளையைக் கொண்டுவந்து, அதன் குழாயை இரண்டாவது கருவியின் முகத்தில் மாட்டித் திறந்தார். அந்த உருளையில் ஹைட்ரஜன் சல்பைடு 25 பங்கு உண்டு. கார்பன் மோனாக்சைடின் எண் ஏறியது. பிராண வாயுவின் எண் இறங்கியது. ஹைட்ரஜன் சல்பைடின் எண் மட்டும் அசையவில்லை. சுழி, சுழி, சுழி. உள்ளிருந்த சென்சார் ஆயுள் முடிந்து, என்றோ செத்துப்போயிருந்தது.

கயிற்றை இழுத்தோம். பையன் வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்தான். கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்றான்; பின் வாந்தி எடுத்தான். மருத்துவமனையில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அடியில் இறங்கிச் சேற்றைக் கலக்கியிருந்தால் அதிலிருந்து இன்னும் எவ்வளவு கிளம்பியிருக்கும் என்பதை நாங்கள் எங்களுக்குள்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

கானரிக் குருவி செத்தால் கூண்டில் கிடப்பது தெரியும். இந்தக் குருவியோ செத்த பிறகும் விளக்கெரிய உயிருள்ளதுபோல் நின்று, கேடில்லை என்று சொல்லும். நஞ்சு இல்லை என்பதற்கும் சுழிதான். எனக்குத் தெரியவில்லை என்பதற்கும் சுழிதான். அவ்விரண்டையும் பிரித்துக் காட்ட, நாள்தோறும் சில நொடி நேரம் அந்த உருளையைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை. எங்களிடம் அதற்கென ஒரு பதிவேடே இருந்தது. பல மாதங்களாக அதில் கையெழுத்துகள் மட்டுமே ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தன.

இவ்வளவு எழுதும்போதும் மனம் உறுத்துகிறது. எங்களிடம் தவறு செய்வதற்கேனும் ஒரு கருவி இருந்தது. 2017 மார்ச் மாதத்தில் இதே நகரத்தின் சி.வி. ராமன் நகர் பகுதியில் ஒரு மேன்ஹோலில் மூவர் மாண்டனர். உள்ளே சிக்கியவரைக் காக்கப் போனவரும் அதில் ஒருவர். இத்தகைய சாவுகளில் திரும்பத் திரும்ப வரும் கதை இது. கூட வேலை செய்தவன் விழுந்தால் கை பார்த்துக்கொண்டிருக்காது. நஞ்சு அந்த நல்ல மனத்தையும் சேர்த்து வாங்கிவிடுகிறது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை ஒழிக்கும் சட்டம் 2013-இல் வந்தது. அதன் விதிகள் பட்டியலிட்ட பாதுகாப்புப் பொருள்களில் இந்த வளிகாட்டியும் உண்டு. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பெங்களூர் உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் சாக்கடைக்குள் ஆள் இறக்குவதை நிறுத்தும்படி ஆணையிட்டது. இதற்காக வாழ்நாளெல்லாம் போராடி 2016-இல் மகசேசே விருது பெற்ற பெசவாடா வில்சன், எங்கள் தங்கவயலில் பிறந்தவர். உலர் கழிப்பிடங்களைத் துப்புரவு செய்த குடும்பத்தின் பிள்ளை. சுரங்கத்துக்குள் போன எங்கள் தந்தையரின் உழைப்பைப் பாடிய நாங்கள், அதே ஊரில் வாளி தூக்கியவர்களைப் பற்றி அப்போது எண்ணியதே இல்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தப் பையன் ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தான். ஊருக்குப் போயிருப்பான் என்றே நினைத்திருந்தோம். வந்தவன் நேரே அண்ணாவிடம் போய், அந்த உருளையை எப்படித் திறப்பது என்று கேட்டுக் கற்றுக்கொண்டான். மறுநாள் முதல் காலை எட்டு மணிக்கு எல்லாக் கருவிகளையும் வரிசையாக மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றுக்கும் வாயு காட்டி, ஒவ்வொன்றும் அலறியபின்தான் பதிவேட்டில் கையெழுத்திடுவான், தமிழில், முழுப்பெயராக. ஒருநாள் அவன் அந்த வேலையில் இருந்தபோது ஊரிலிருந்து தாயார் தொலைபேசியில் அழைத்தார். அங்கே என்னப்பா வேலை பார்க்கிறாய் என்று கேட்டிருப்பார் போலும். சுற்றிலும் நான்கைந்து கருவிகள் கூவிக்கொண்டிருக்க, அவன் உரக்கச் சொன்னது எங்கள் காதில் விழுந்தது:

"குருவிக்குத் தீனி வைக்கிற வேலைம்மா."