கடையை மூடினால் மட்டும் போதுமா?



சித்திரை பிறந்தாலே நம் பக்கத்து மக்களுக்கு வீரபாண்டி கௌமாரியம்மன் நினைப்புதான். கம்பம், சின்னமனூர், போடி என்று எல்லாத் திசையிலிருந்தும் சனம் வந்து, முல்லையாற்றில் குளித்து, அக்கினிச் சட்டி எடுக்கும். இரவு பகல் தெரியாது.

திருவிழா நெருங்கினால் கூடவே ஒரு குரலும் எழும்: மதுக்கடைகளை மூடுங்கள்! தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஆட்சியர்கள் அப்படி உத்தரவு போடுவதும் உண்டு. நான் குடிக்காதவன். குடிப்பவர்களுக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை.

ஆனால் நடப்பது என்ன? நாளைக்குக் கடை இல்லை என்று தெரிந்தால் இன்றைக்கே வரிசை நீளும். ஒன்று வாங்குபவர் நாலாக வாங்குவார். மூடிய அன்று அதுவே சந்துக்குள் கூடுதல் விலைக்குக் கிடைக்கும். உட்கார இடமில்லாமல் தோப்பிலும் ஆற்றங்கரையிலும் குடித்துவிட்டு, பாட்டிலை அங்கேயே உடைத்துப் போடுவார்கள். வெறுங்காலோடு சட்டி ஏந்தி வருபவர்களின் பாதத்தில்தான் அந்தக் கண்ணாடி ஏறுகிறது. ஒரு வருடம் என் தங்கை நேர்த்திக்கடனை முடித்துவிட்டு, பாதத்தில் 5 தையலோடு வீடு திரும்பினாள். அந்த வாரம் கடைகள் மூடித்தான் இருந்தன.

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் மாடுபிடி வீரர்களைப் பரிசோதித்து, குடித்திருந்தால் களத்தில் இறக்குவதில்லை.  நீலகிரியில் 2022 முதல் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தருகிறார்கள். காட்டு விலங்குகளின் காலில் கண்ணாடி குத்தக் கூடாதென்ற கவலையில் உயர் நீதிமன்றம் தலையிட்டதால் வந்த ஏற்பாடு அது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. யானைக் காலுக்குக் காட்டிய அக்கறையை நம் வீட்டுப் பெண்களின் காலுக்கும் காட்டலாமே!

கோயிலை ஒட்டிய கடைகள் மூடியே இருக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. சுற்றுவட்டாரம் முழுவதையும் அடைப்பதைவிட, சந்துக்கடையைப் பிடிப்பதும், குடித்துவிட்டுத் தகராறு செய்பவரை வெளியேற்றுவதும், காலிப் பாட்டிலைக் கறாராகத் திரும்ப வாங்குவதும் பலன் தரும்.

காவல்துறையிலும் வருவாய்த்துறையிலும் இருக்கும் என் மாணவர்கள் இதை யோசியுங்கள். இந்த வருடம் சட்டி எடுக்கும் வீடுகளில், ஒரு பிள்ளை டார்ச் விளக்கோடு முன்னால் பாதை பார்த்துப் போகட்டும்.