தெலுக் இந்தானில் ஒரு பள்ளி நாள்

தெலுக் இந்தான் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது சாய்ந்த கோபுரம்தான். 1885-இல் லியோங் சூன் சோங் என்பவர் கட்டியது. வெளியிலிருந்து எண்ணினால் எட்டு மாடி. உள்ளே ஏறினால் மூன்றே தளம். உச்சியில் தண்ணீர்த் தொட்டி. அதன் பாரமும் அடியிலிருந்த இளகிய மண்ணும் சேர்ந்து கோபுரத்தைச் சாய்த்துவிட்டன. 1982 வரை இந்த ஊருக்குத் தெலுக் அன்சன் என்று பெயர். என் பாட்டி வயதுக்காரர்களுக்கு இன்னமும் அதே பெயர்தான் வாயில் வருகிறது.

இந்த முறை நான் போனது கோபுரம் பார்க்க அல்ல. அங்குள்ள ஓர் இடைநிலைப்பள்ளியின் தமிழ்மொழிக் கழகம், வானொலி அறிவிப்பைப் பற்றிப் பேச அழைத்திருந்தது. பீடோரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, கொய்யாக் கடைகளையும் செம்பனைத் தோட்டங்களையும் தாண்டி முதல் நாள் மாலையே போய்ச் சேர்ந்தேன். என் பேச்சு காலை 10 மணிக்கு. ஆனால் பள்ளி எப்படி விழிக்கிறது என்று பார்க்கும் ஆசையில் ஆறரைக்கே வாசலில் நின்றேன்.

எனக்கு முன்னால் ஜாகா அண்ணன் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். "ரேடியோவுல பேசுற பிள்ளைதானே? குரலை வச்சே கண்டுபிடிச்சிட்டேன்," என்று சிரித்தவர், என் பெயரைப் பதிவுப் புத்தகத்தில் எழுதச் சொன்னார். பேச்சு என்னோடு, கண் மட்டும் சாலையில். "தோட்டத்து பஸ் ரெண்டு இருக்கும்மா. ஒண்ணு ஆறே முக்கால், இன்னொண்ணு ஏழு. ரெண்டாவது பஸ்ஸுல வழக்கமா பதினெட்டுப் பேரு. இன்னைக்குப் பதினாறுதான் இறங்குது." யார் யார் வரவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த இரண்டு பெயர்களையும் அந்தப் பக்கம் வந்த ஆசிரியையிடம் சொல்லிவிட்டு மீண்டும் வாசலுக்குப் போனார்.

அந்த இரண்டு பெயர்களின் பயணத்தை அன்று முழுவதும் கவனித்தேன். ஏழரைக்கு மணி அடித்தது. முதல் பாடத்தில் வகுப்பாசிரியர்கள் வருகையைப் பதிந்தார்கள். ஒரு மாணவன் தொடர்ந்து 3 நாள் வராவிட்டால் பெற்றோருக்கு முதல் எச்சரிக்கைக் கடிதம் போக வேண்டும் என்பது விதி. இந்தப் பள்ளியில் கடிதம் வரைக்கும் காத்திருப்பதில்லை. ஜாகா சொன்னது வகுப்பாசிரியைக்குப் போய், அங்கிருந்து அலுவலகக் கிராணிக்குப் போய், எட்டே காலுக்குள் இரண்டு வீட்டிலும் தொலைபேசி மணி அடித்துவிட்டது.

கிராணி ஒரு மலாய்க்கார அக்கா. எல்லாரும் 'காக்' என்றே கூப்பிடுகிறார்கள். "அப்பா எங்கே? ஏன் வரலே?" என்ற இரண்டு தமிழ்க் கேள்விகள் அவருக்கு அத்துப்படி. ஒரு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். இன்னொரு வீட்டில் நான்காம் படிவப் பையன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கார் கழுவும் கடைக்கு வேலைக்குப் போயிருக்கிறான். மதியத்துக்குள் பள்ளி ஆலோசகர் அந்த வீட்டு வாசலில் நின்றார். "கடிதம் போன பிறகு தேடினா பையன் வேலைக்குப் பழகியிருப்பான். சம்பளத்தைக் கண்ணால பார்த்துட்டா எஸ்.பி.எம். தூரமாத் தெரியும்," என்றார் அவர். மறுவாரம் ஜாகா அண்ணனுக்கு அழைத்துக் கேட்டேன். ஏழு மணி பஸ்ஸில் அவன் இறங்குகிறானாம்.

பேச்சு முடிந்து பள்ளியைச் சுற்றி வந்தேன். ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் ஒருவர் சோதனைக் குழாய்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். அமிலத்தைச் சரியான அளவில் கலந்து, ஒவ்வொரு மேசைக்கும் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து வைப்பது அவர் வேலை. ஒரு புட்டி தவறினால் செய்முறைத் தேர்வே தடுமாறும். புத்தகக் கிடங்கில் வரலாற்று ஆசிரியர் ஒருவர் பாடநூல்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பாடநூல் இரவல் திட்டம் 1975-இல் தொடங்கியது. 2008 முதல் எல்லா மலேசிய மாணவர்களுக்கும் கிடைக்கிறது. கிழிந்த முதுகுகளுக்கு ஒட்டுநாடா போட்டு அடுத்த ஆண்டுக்குத் தயார் செய்வது, பாட வேளைகளுக்கு இடையே அவர் செய்யும் இன்னொரு வேலை.

கேண்டீனுக்குப் பின்னால் ஓர் அக்கா தரை துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளியில் அவருக்குப் பதினான்கு ஆண்டு. அரசாங்கப் பள்ளிகளில் துப்புரவும் காவலும் குத்தகை நிறுவனங்களின் கையில் இருப்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். குத்தகை முடிந்து புது நிறுவனம் வந்தால், பழைய தொழிலாளி புதிய தொழிலாளி ஆகிவிடுகிறார். சேவைக்காலம் மீண்டும் பூஜ்யத்தில் தொடங்குகிறது. "கட்டடம் அதே, வாளி அதே, நானும் அதே. முதலாளிதான் மாறிக்கிட்டே இருக்காரு," என்றார். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது அவருக்கு உதவியிருக்கிறது. ஆனால் பதினான்கு ஆண்டு உழைத்ததற்கு அந்தச் சம்பளச் சீட்டில் ஓர் அடையாளமும் இல்லை. ஜாகா அண்ணனின் நிலையும் இதுதான். தினமும் பிள்ளைகளை எண்ணும் மனிதரின் ஆண்டுகளை யாரும் எண்ணுவதில்லை.

தமிழாசிரியையை ஆசிரியர் அறையில் சந்தித்தேன். தமிழோடு நன்னெறிக் கல்வியும் போதிக்கிறார். அவர் மேசையில் ஒரு நீலக் கோப்பு. அதில் பெற்றோரின் விண்ணப்பக் கடிதங்கள். தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழைக் கற்பிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். "கேட்டால்" என்பதுதான் முக்கியம். தமிழ்ப்பள்ளியிலிருந்து பிள்ளையைக் கொண்டுவரும் பல பெற்றோர், தமிழ் வகுப்பு தானாக நடக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை, இனி தமிழ் கிடையாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

"கோப்பு நிறைஞ்சிருக்கே டீச்சர், வீடு வீடாப் போனீங்களா?" என்று கேட்டேன். அவர் அலுவலகம் இருந்த பக்கம் கையைக் காட்டினார். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அவர் காக்கிடம் ஓர் உதவி கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து, முதலாம் படிவப் பதிவுக்கு வரும் இந்தியப் பெற்றோரின் பாரங்களோடு தமிழ் விண்ணப்பத் தாள் ஒன்றையும் காக் பின் குத்திக் கொடுத்துவிடுகிறார். கையெழுத்து எங்கே போடுவது என்று பென்சிலால் ஒரு குறியும் போட்டு வைக்கிறார். முன்பு பதினைந்தைத் தொடவே தவித்த பள்ளியில் இப்போது ஒவ்வொரு படிவத்துக்கும் தமிழ் வகுப்பு இருக்கிறது.

கிளம்பும் முன் காக்கிடம் இதைப் பற்றிக் கேட்டேன். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "தாள் கொடுக்காவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மலாயில் கேட்டுவிட்டு, அடுத்து நின்ற பெற்றோரைக் கூப்பிட்டார்.

எல்லாப் பள்ளி அலுவலகத்திலும் இப்படி ஒரு காக் இருப்பார் என்று சொல்ல முடியாது. அதனால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையை முதலாம் படிவத்தில் பதியப் போகும்போது, தமிழ் விண்ணப்பத்தை நீங்களே கேட்டு வாங்கி, கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். பக்கத்தில் நிற்கும் பெற்றோருக்கும் சொல்லுங்கள். பதினைந்தாவது கையெழுத்து அவருடையதாக இருக்கலாம்.