கரியடுப்பின் முன்னால் நிற்பவர்

லிமா நகரத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எந்தத் தெருவில் நடந்தாலும் கோழி வேகும் வாசனை மூக்கைத் துளைக்கும். ‘பொயேரியா’ என்று பலகை மாட்டிய கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. சில இடங்களில் எதிரும் புதிருமாக இரண்டு. அரசியலிலும் கால்பந்திலும் ஓயாமல் சண்டை போடும் பெரு நாட்டுக்காரர்கள் ஒத்துப்போவது ‘போயோ அ லா ப்ராசா’ என்கிற கரியடுப்புக் கோழி விஷயத்தில்தான். எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று கேட்டுவிட்டால் அந்த ஒற்றுமையும் போய்விடும்.

சாப்பிடுவதற்கு முன்னால் அடுப்பைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. ப்ரேன்யா பகுதியில் இருபது மேசை போட்ட ஒரு கடை. அதை நடத்தும் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நாலு மணிக்கு வாங்க. மதியக் கூட்டம் அடங்கியிருக்கும். யாருக்கும் குறுக்கே மட்டும் நிக்காதீங்க” என்றார். அந்த நிபந்தனையைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. அடுப்படி அவ்வளவு குறுகல்.

அடுப்பு ஆள் உயரத்துக்கு எழுப்பிய செங்கல் அறை. பின்சுவரை ஒட்டிக் கரிக்குவியல். அதற்கு முன்னால் பெரிய இரும்புச் சக்கரம், சக்கர விளிம்பில் ஆறு நீளக் கம்பிகள், கம்பிக்கு எட்டுக் கோழிகள். மோட்டாரைத் தட்டிவிட்டால் சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது. கூடவே ஒவ்வொரு கம்பியும் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. பூமி சூரியனைச் சுற்றும் அதே ஏற்பாடுதான். மேலே ஏறும் கோழியிலிருந்து உருகி வழியும் கொழுப்பு, கீழே வரும் கோழியின் முதுகில் சொட்டுகிறது. எண்ணெய் தடவ ஆள் வேண்டாம். கோழிகளே ஒன்றுக்கொன்று தடவிக்கொள்கின்றன. நாற்பத்தெட்டுக் கோழியும் எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சிவப்பது இதனால்தான்.

இந்தச் சக்கரம் ஆதி காலத்து மலைவாழ் மக்களின் சொத்து என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். இதற்கு வயது எழுபது சொச்சம்தான். ரோஜர் ஷூலர் என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர் லிமாவுக்குக் கிழக்கே சான்ட்டா க்ளாராவில் கோழிப்பண்ணை வைத்திருந்தார். வியாபாரம் நொடித்தது. கோழிகளை என்ன செய்வது என்று தெரியாமல் 1950இல் சாலையோரம் ஒரு பலகை வைத்தார்: ஐந்து சோல் கொடுத்தால் வேண்டிய மட்டும் கோழி சாப்பிடலாம். கார் வைத்திருந்த லிமா கனவான்கள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். கம்பியைச் சுற்றி மாளவில்லை. இயந்திர வேலை தெரிந்த அவருடைய நாட்டுக்காரர் ஃப்ரான்ஸ் உல்ரிச் இந்தச் சுழலும் அடுப்பை வடிவமைத்துக் கொடுத்தார். ‘லா க்ரான்ஹா அஸூல்’ என்ற அந்தப் பண்ணை உணவகம் இன்றும் நடக்கிறது. பணக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அங்கிருந்து மெல்ல இறங்கி வந்து தெருமுனைக்கு வர இருபது முப்பது ஆண்டுகள் பிடித்தன. 2004இல் பெரு அரசு இதைத் தேசத்தின் பண்பாட்டுச் செல்வம் என்று அறிவித்தது. 2010 முதல் ஜூலை மாத மூன்றாவது ஞாயிறு கரியடுப்புக் கோழி நாள்.

எங்கே படித்தாலும் அந்த இரண்டு ஸ்விஸ் பெயர்களும் தவறாமல் வருகின்றன. அந்த அடுப்பில் முதன்முதலில் கரி அள்ளிப் போட்டு வெந்தவர் பெயரை நான் எங்கும் பார்த்ததில்லை.

ப்ரேன்யா கடையின் அடுப்பு மாஸ்டருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. வான்கவெலிக்கா மலைப்பகுதிக்காரர். மீசை அரும்பும் வயதில் லிமாவுக்கு வந்து, இதே மாதிரி ஒரு கடையில் தட்டு கழுவியிருக்கிறார். பிறகு உருளைக்கிழங்கு உரிப்பது, பிறகு கோழி கோப்பது, அதன் பிறகுதான் அடுப்பு. முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளிலும் பழைய தழும்புகள் கோடு கோடாக இருக்கின்றன. கழுத்தில் ஈரத் துண்டு.

கோழி கோப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு கோழியையும் கையில் எடுத்து ஒரு முறை மேலும் கீழுமாக அசைக்கிறார். தராசு கிடையாது. கனத்தது ஒன்று, இலேசானது ஒன்று என்று மாற்றி மாற்றிக் கோக்கிறார். இறக்கையை முதுகுப்பக்கம் மடக்கிச் செருகி, வால்பக்கமாகக் கம்பியை விட்டுக் கழுத்து வழியாக வாங்குகிறார். முழுக் கம்பியும் கோத்து முடித்ததும் இரண்டு முனைகளையும் உள்ளங்கையில் ஏந்தி உருட்டிப் பார்க்கிறார். கம்பி நடுவில் ஓரிடத்தில் தயங்கி நின்றது. முகத்தைச் சுளித்துவிட்டு மூன்றாவது கோழியைக் கழற்றி வேறு மாட்டினார். மறுபடி உருட்டினார், தடங்கல் இல்லை. எடை ஒரு பக்கம் சாய்ந்தால் கம்பி சீராகச் சுழலாமல் துள்ளும். ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வெளிறிக் கிடக்கும், மோட்டாருக்கும் கேடு. பார்க்கப்போனால் இந்தத் தொழிலில் பாதி இந்த அரை நிமிஷ உருட்டலில் இருக்கிறது.

ஊறவைக்கும் மசாலாவைப் பற்றித்தான் வாடிக்கையாளர்கள் அதிகம் பேசுகிறார்கள். உப்பு, பூண்டு, சீரகம், மிளகு, ‘அஹி பன்கா’ என்ற கருஞ்சிவப்புக் காய்ந்த மிளகாய் விழுது, வினிகர், கறுப்பு பீர், ரோஸ்மேரி. கூடவே சோயா சாஸ். 1849 முதல் குவானோ உர வேலைக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட சீனர்கள் விட்டுச்சென்ற ருசி அது. முதல் நாள் இரவே பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில் கோழி ஊறத் தொடங்கிவிடுகிறது. அம்மாளிடம் அளவு கேட்டேன். “அது மட்டும் ரகசியம்” என்றார். எல்லாக் கடைகளிலும் இதே பதில்தான் கிடைக்கும் போலிருக்கிறது. ஷூலர் தொடங்கியபோது உப்பைத் தவிர வேறு எதுவும் போடவில்லை. அதற்கே கூட்டம் அலைமோதியது. மசாலா ரகசியங்களுக்குத் தேவைக்கு மேல் மரியாதை கிடைக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நெருப்பு ரகசியம் அப்படியல்ல. கரி பற்றிக்கொண்டதும் மாஸ்டர் கோழியை உள்ளே விடுவதில்லை. கொழுந்து அடங்கி, கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் பூக்கும்வரை காத்திருக்கிறார். அடுப்பு வாய்க்கு நேரே உள்ளங்கையை நீட்டி மனசுக்குள் எண்ணுகிறார். கதவில் ஒரு வெப்பமானி இருக்கிறது. அதன் முள் எப்போதோ சிக்கி ஒரே இடத்தில் நிற்கிறது. மாற்ற வேண்டும் என்று இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

“கோழி வெந்தது எப்படித் தெரியும், மாஸ்டர்?”

“காதால. முதல்ல தண்ணிச் சத்தம் வரும், படபடன்னு. அப்புறம் கொழுப்புச் சத்தம். அது வந்த பிறகு நான் எங்கயும் போக மாட்டேன்.”

அதன் பிறகும் தொடைப் பூட்டில் கத்தி முனையால் ஒரு குத்து. கசிவது தெளிந்த நீராக இருந்தால் சரி; இளஞ்சிவப்பாக இருந்தால் இன்னும் சில சுற்று.

ஆறு கம்பிகளையும் ஒரே நேரத்தில் ஏற்றுவதில்லை என்பதைக் கொஞ்ச நேரம் கழித்தே கவனித்தேன். ஒரு கோழி வேக முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். ஏழு மணிக்கு எத்தனை பேர் வருவார்கள், எட்டரைக்கு எத்தனை பேர் என்பதை ஆறு மணிக்கே ஊகித்துக் கம்பி ஏற்ற வேண்டும். சம்பள நாளா, கால்பந்து ஆட்டம் உண்டா, எதிர்த்த தேவாலயத்தில் ஞானஸ்நானமா என்பதெல்லாம் கணக்கில் வரும். வெந்த கோழி காத்திருந்தால் மார்புக்கறி சக்கையாகிவிடும். வந்த ஆள் காத்திருந்தால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். இந்தக் கணக்கை மாஸ்டர் எங்கும் எழுதி வைக்கவில்லை. அவர் லீவு போட்டால் கடையில் என்ன நடக்கும் என்று அம்மாளிடம் கேட்டேன். “போட மாட்டார்” என்று சொல்லி நகர்ந்துவிட்டார்.

கரி மூட்டையைப் பிரித்தபோது ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். கனமாக, தட்டினால் உலோகம்போல் ஒலிக்கிற கரி. வடக்குக் கடலோரத்து வறண்ட காடுகளில் வளரும் அல்கரோபோ மரத்துக் கரிக்குத்தான் இந்தத் தொழிலில் மதிப்பு. நின்று எரியும், புகை குறைவு, கறியில் இலேசான இனிப்பு வாசம் ஏறும் என்கிறார்கள். இந்த மரம் நமக்கு வேற்றாள் இல்லை. நம் ராமநாதபுரத்துக் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்கிற சீமைக்கருவேலத்துக்கு உடன்பிறப்பு. இரண்டையும் பிரித்தறிவதில் தாவரவியலாளர்களே தடுமாறுகிறார்கள். 1870களில் நிழலுக்கும் விறகுக்கும் என்று மதராஸ் மாகாணத்துக்கு வந்த விதை, இன்று நீதிமன்றம் உத்தரவு போட்டும் ஒழியாத முள்காடு. முதுகுளத்தூர், கமுதி பக்கம் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம்.

பெருவில் கதை தலைகீழ். பியூரா, லம்பயேக்கே பகுதிகளில் அல்கரோபோ பாதுகாக்க வேண்டிய மரம். அதன் காயைக் காய்ச்சிப் பாகு எடுக்கிறார்கள். ஆட்டுக்குத் தீவனம், தேனீக்குப் பூ, பாலைவனம் நகராமல் தடுக்கும் வேலி எல்லாம் அதுதான். அதையே திருட்டுத்தனமாக வெட்டிக் கரியாக்கி லிமாவுக்கு அனுப்புகிறார்கள். லம்பயேக்கேயின் பொமாக் வனத்தில் ஆக்கிரமிப்பாளர்களை வெளியேற்றப் போன காவலர் இருவர் 2009 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மாஸ்டர் கரி மூட்டையைக் காலால் தள்ளியபடி, “முன்னாடி கட்டி கட்டியா வரும். இப்ப பாதி தூள்” என்றார். காடு மெலிந்த செய்தி அடுப்படிக்கு அந்த வடிவத்தில்தான் வந்து சேர்கிறது.

ஏழு மணிக்கு என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். இனி நான் வாடிக்கையாளன். சர்வர் பையன் வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, பெச்சோவா பியெர்னாவா என்பது. மார்பா, காலா? கால் கோழி, காலோடு சேர்ந்தது என்றேன். இங்கே முழுசு, அரை, கால் தவிர அரைக்கால் கோழியும் உண்டு. கையில் காசு குறைந்தவர்களும் தனியாக வருகிற மாணவர்களும் கேட்பது அதைத்தான். சீனக் கைப்பக்குவத்துச் சோறும் கிழங்கு வறுவலும் கோழியும் ஒரே தட்டில் குவித்துத் தருவதற்கு ‘மொஸ்த்ரீத்தோ’, குட்டிப் பூதம், என்று பெயர். பக்கத்து மேசைக்கு ஒன்று வந்தது. பூதம் அப்படியொன்றும் குட்டி இல்லை.

கோழித் தோல் பல்லில் பட்டதும் மெல்லிய அப்பளமாக நொறுங்கியது. உள்ளே சாறு. சீரகமும் புகையும் முன்னால் வந்தன, பீரின் இலேசான கசப்பு பின்னால். கத்தி முள்கரண்டி வைத்திருந்தாலும் யாரும் சீந்தவில்லை. கோழியைக் கையால்தான் சாப்பிட வேண்டும் என்பதில் லிமாக்காரர்களுக்குக் கருத்து வேறுபாடு இல்லை. எனக்கும்.

தொட்டுக்கொள்ள வந்த பச்சை நிற அஹிதான் என்னை வீழ்த்தியது. மஞ்சள் மிளகாயோடு ‘வாகதாய்’ என்ற இலையை அரைத்தது. அந்தச் செடி நம்முடைய துலுக்கச் சாமந்தியின் இனம். கிள்ளி முகர்ந்தால் அதே பூக்கடை நெடி, அதற்குள் புதினா சாயல். பூ வாசத்தை மிளகாயோடு சேர்த்தால் நாக்கு முதலில் திகைக்கிறது, பிறகு கிண்ணத்தைக் காலி செய்கிறது. அரைக்கும் பெண்மணி பின்கட்டில் மிக்ஸி முன்னால் நாள் முழுக்க இருமிக்கொண்டே இருக்கிறார். சாலட்டும் கொடுத்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குடிக்க ஊதா மக்காச்சோளத்தை அன்னாசித் தோல், பட்டை, கிராம்பு போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்த சிச்சா மொராதா. பக்கத்தில் எல்லா மேசைகளிலும் மஞ்சள் நிற இன்கா கோலா. 1935இலிருந்து அவர்களுக்கு அது தேசிய பானம். எனக்கு ஒரு மிடறு போதுமானதாக இருந்தது.

கிழங்கு வறுவல் அன்றைக்கே சீவியது. அடுப்படியில் இரண்டு இளைஞர்கள் வாளி வாளியாக உரித்ததைப் பார்த்திருந்தேன். ஒரு முறை இளஞ்சூட்டில் பொரித்து எடுத்துவைத்து, கேட்கும்போது மறுபடி கொதிக்கும் எண்ணெயில் போடுகிறார்கள். உருளைக்கிழங்கு பிறந்த பூமி இது. உலக உருளைக்கிழங்கு ஆய்வு மையமே 1971 முதல் லிமாவில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரிலும் ஐரோப்பாவில் வறுத்து உறையவைத்த கிழங்குப் பைகள் கப்பலேறி வந்து இறங்குகின்றன. 2018 ஜனவரியில் விலை கிடைக்காமல் மலைப்பகுதி விவசாயிகள் சாலைகளை மறித்தபோது அந்தப் பைகளும் அவர்கள் புகார்ப் பட்டியலில் இருந்தன. பை வாங்கினால் உரிக்கும் பையன்கள் தேவைப்பட மாட்டார்கள் என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும்.

அடுப்புக்கும் அதே ஆபத்து உண்டு. காஸில் எரிகிற, வெப்பத்தைத் தானே சரிசெய்துகொள்கிற அடுப்பின் விளம்பரத் தாள் கல்லாப்பெட்டிக்குக் கீழே செருகியிருந்தது. கரி விலை ஏறுகிறது, புகைக்கு மாடி வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள், அம்மாள் யோசிக்கிறார். மாஸ்டரிடம் அதைப் பற்றிக் கேட்டேன்.

“காஸ் அடுப்புக்கு ஆள் எதுக்கு?” என்று கேட்டுவிட்டுக் கரியைக் கிளறப் போனார்.

காடும் பிழைக்க வேண்டும், மாஸ்டரும் பிழைக்க வேண்டும். நட்டு வளர்த்த மரத்துக் கரியா, நம் ஊரில் வேண்டாமென்று வெட்டுகிற மரத்துக் கரியா, எது கட்டுப்படியாகும் என்பதைக் கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லட்டும். கரியும் கைத்திறனும் போன பிறகு மிஞ்சுவது சோயா சாஸில் ஊறிய சாதாரணச் சுட்ட கோழி என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

லிமா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூலை மூன்றாவது ஞாயிறு மட்டும் வேண்டாம். வரிசையிலேயே பொழுது போய்விடும். வார நாளில் ஏழு மணிக்குள் போங்கள், அடுப்பு தெரிகிற மேசையாகப் பார்த்து உட்காருங்கள், காலைக் கேளுங்கள், அஹி இரண்டாவது கிண்ணம் வாங்கக் கூச்சப்படாதீர்கள். மேசையில் வைக்கும் டிப்ஸ் பெரும்பாலும் சர்வரோடு நின்றுவிடும். கிளம்பும்போது அடுப்புப் பக்கம் நடந்துபோய், அங்கே நிற்பவர் கையில் தனியாகக் கொஞ்சம் கொடுத்துவிட்டு வாருங்கள்.