கற்றுக்குட்டிக்கும் ஒரு வழி

சாமுண்டி மலைச் சாலையின் வளைவுகளில் வண்டியை நிறுத்துகிறவர்கள் முதலில் தேடுவது மைசூர் அரண்மனையை. அரண்மனைக்கு முன்பாகவே கண்ணில் படுவது மலையடிவாரத்துக் குதிரைப் பந்தயத் திடல். முட்டை வடிவில் ஒரு வெளிறிய பாதை, அதன் நடுவே பச்சை. அந்தப் பச்சையைத்தான் ஜெயசாமராஜ உடையார் கோல்ஃப் கிளப் தன் 18 ஹோல் மைதானத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. ஊரின் மேற்கே, குக்கரஹள்ளி ஏரிக்குப் பக்கத்தில், 1916இல் தொடங்கிய மைசூர் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகம். பல்கலைக்கழகத்தை நிறுவியவர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார். கோல்ஃப் கிளப் தாங்கியிருப்பது அவருடைய தம்பி மகனின் பெயரை. பெரியப்பாவின் பல்கலைக்கழகமும் தம்பி மகன் பெயரிலான மைதானமும் ஒரே ஊரில் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது: மாணவர்கள் ஆடுவதற்கேற்ற கோல்ஃப் மைதானம் எப்படி இருக்க வேண்டும்? நன்றாக ஆடுபவரை எவ்வளவு திணறடிக்கிறது என்பதை வைத்து மைதானத்தை மதிப்பிடுவது உலக வழக்கம். நேற்று மட்டையைப் பிடித்தவர் கடைசி ஹோல் வரை ஆடி முடிக்க முடிகிறதா என்பதே சரியான அளவுகோல் என்பது என் கட்சி. அந்த அளவுகோலில் மைசூர் மைதானத்துக்கு இயற்கையாகவே நல்ல மதிப்பெண் கிடைக்கும்.

அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களே மைதானம் வைத்திருப்பது சகஜம். அவற்றுள் பேர்பெற்றது 1926இல் திறந்த யேல் பல்கலைக்கழக மைதானம். சார்லஸ் பிளேர் மெக்டொனால்டும் சேத் ரெய்னரும் பாறையை வெடிவைத்துத் தகர்த்து உருவாக்கியது. அதன் 9ஆவது ஹோலில் முதல் அடி அடிக்கும் இடமான டீயில் நின்றால் எதிரே ஒரு குளம். குளத்துக்கு அப்பால், குழியைச் சுற்றிய புல்தரையான கிரீன், மிக நீளமானது. அந்தக் கிரீனின் குறுக்கே ஆள் இறங்கினால் மார்பு மட்டத்துக்கு மறையும் அளவுக்கு ஒரு பள்ளம். கட்டடக்கலை மாணவர் நாள் முழுக்க நின்று வரையலாம், அவ்வளவு அழகு. ஆனால் பந்தைக் குளத்தின் மேலாகப் பறக்க வைக்கத் தெரியாதவருக்கு அங்கே வேலையில்லை. ஐந்தாண்டுகள் கழித்து, 1931இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மைதானம் வகுத்த அலிஸ்டர் மெக்கன்சி வேறு மாதிரி யோசித்தவர். மருத்துவராக இருந்து இந்தத் தொழிலுக்கு வந்த அவர், 1920இல் எழுதிய நூலிலேயே நல்ல மைதானத்துக்கான விதிகளைப் பட்டியலிட்டார். தொலைந்த பந்தைத் தேடி அலையும் எரிச்சல் இருக்கக் கூடாது, வலுவில்லாதவர் ஒரு அடி கூடுதலாக அடித்தாவது சுற்றிப் போக வழி வேண்டும், எண்ணிக்கை ஏறினாலும் அவர் ஆட்டத்தை ரசிக்க வேண்டும் என்பவை அவற்றுள் சில. மாணவர் மைதானத்துக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த இலக்கணம் நடைமுறையில் எப்படி வேலை செய்யும் என்பதற்கு நான்கு அடியில் முடிக்க வேண்டிய ஒரு பார்-4 ஹோலை எடுத்துக்கொள்வோம். டீக்கும் கிரீனுக்கும் இடையிலான புல்வெளியான ஃபேர்வே அகலமாக இருக்கிறது. கிரீனின் இடப்பக்க முகப்பில் ஒரே ஒரு மணல் பங்கர். கொடி அந்தப் பங்கருக்குப் பின்னால். புதியவர் இடமோ வலமோ பார்க்காமல் அடிக்கிறார், பந்து புல்லில்தான் விழுகிறது, நடந்து போய் மறுபடி அடிக்கிறார். தேர்ந்தவருக்கு அதே அகலம் கணக்காக மாறுகிறது. வலது ஓரத்தில் பந்தைக் கொண்டுபோய் நிறுத்தினால் கொடிக்கு நேர்வழி திறக்கும். இடது பக்கம் நின்றுவிட்டால் பங்கரைத் தாண்டி அடித்து, குறுகிய இடத்தில் பந்தை நிறுத்தியாக வேண்டும். ஒரே ஹோல் ஒருவருக்கு நடைபயணமாகவும் மற்றவருக்குப் புதிராகவும் இருக்கிறது. அதே ஃபேர்வேயைப் பாதியாகக் குறுக்கி இருபுறமும் புதர் வளர்த்தால் தேர்ந்தவருக்குப் பெரிய நஷ்டமில்லை. புதியவர் பை நிறையப் பந்து கொண்டுவந்தாலும் போதாது.

மைசூரின் சாதகம் இங்கேதான். பந்தயப் பாதைக்கு நடுவே இருக்கும் நிலத்தில் இஷ்டத்துக்கு மரம் வளர்க்கவோ மேடு எழுப்பவோ முடியாது. எதிர்க் கோடியில் ஓடும் குதிரை பார்வையாளர் மாடத்துக்குத் தெரிய வேண்டும். குதிரைக்காகத் திறந்து வைத்த வெளி கோல்ஃப் கற்பவருக்கும் வசதியாகிவிடுகிறது. சரிவு குறைவு, நடப்பது சுலபம், பந்து கண்ணில் படும். மலை ஏற்ற இறக்கத்தில் அமைந்த ஊட்டி, கொடைக்கானல் மைதானங்களில் அழகு அதிகம். ஆனால் அங்கே முதல் பாடம் படிப்பவர் பந்தோடு சேர்த்து மூச்சையும் தொலைப்பார்.

அகலமும் சமதளமும் நல்ல ஆட்டக்காரருக்குச் சலிப்பூட்டாதா என்று கேட்பார்கள். 2022இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸில் கேமரன் ஸ்மித் பாரைவிட 20 அடி குறைவாக ஆடி ஓபன் பட்டத்தை வென்றதையும் சாட்சிக்கு அழைப்பார்கள். அந்த மைதானத்தின் முதல் ஹோலும் கடைசி ஹோலும் பகிர்ந்துகொள்ளும் ஃபேர்வேயின் அகலம் நூறு மீட்டருக்கும் மேல். அப்படி இருந்தும் ஓபன் போட்டி அங்கே 30 முறை நடந்திருக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் மைதானம் தரம் கெட்டுவிடும் என்பது மதிப்பெண் தாராளமாக விழுந்தால் வினாத்தாள் மோசம் என்பது போல. கடினத்தை அளக்க ‘ஸ்லோப் ரேட்டிங்’ என்றொரு முறையும் உண்டு. 55 முதல் 155 வரை போகும் அந்த எண்ணில் 113 நடுத்தரம். தேர்ந்தவரைவிடச் சாதாரண ஆட்டக்காரர் எவ்வளவு அதிகம் திணறுவார் என்பதை அது காட்டுகிறது. தங்கள் எண் உயர்ந்தது என்று பெருமைப்படும் கிளப்புகள் உண்டு. புதியவரை விரட்டுவதில் நாங்கள் கெட்டிக்காரர்கள் என்பதுதான் அந்தப் பெருமையின் பொருள்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. குடிக்கவே தண்ணீருக்குத் திண்டாடும் காலத்தில் பணக்கார விளையாட்டுக்கு நூறு ஏக்கரா? தமிழ் வாசகருக்கு உடனே கிண்டி நினைவுக்கு வரும். மெட்ராஸ் ரேஸ் கிளப் வசமிருந்த சுமார் 160 ஏக்கரை 2024 செப்டம்பரில் தமிழக அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. பந்தயப் பாதையின் நடுவே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானமும் இருந்தது. பின்னர் அந்த நிலத்தில் வெள்ளநீரைத் தேக்கக் குளங்கள் வெட்டினார்கள். அரசின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் மைசூர் பல்கலைக்கழகம் புதிதாக ஒரு மைதானம் அமைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தேவையும் இல்லை. இந்தியாவில் எத்தனையோ மைதானங்கள் கிரீனுக்குப் புல்லே இல்லாமல் எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி, ‘பிரவுன்’ என்று பெயர் வைத்து, கொடிக்கு முன்னால் பலகையால் ஒரு இழு இழுத்துச் சமப்படுத்திவிட்டு ஆடுகின்றன. தண்ணீர் குறைந்தால் ஆட்டம் நின்றுவிடாது. நிலத்தைப் பொறுத்தவரை, ஒரு சிலர் மட்டும் அனுபவிக்கும் வெளியைக் காப்பாற்றுவது எந்த ஊரிலும் கஷ்டம். பலருக்கும் திறந்த வெளிக்காக வாதாட ஊரே வரும்.

பணக்கார விளையாட்டு என்பதும் முழு உண்மை அல்ல. பெங்களூரின் முனியப்பா கேடியாகப் பை சுமந்து ஆட்டம் கற்று, 2009இல் இந்தியன் ஓபனை வென்றவர். 1991இல் அதே பட்டத்தை வென்ற அலி ஷேரும் டெல்லியில் கேடியாக இருந்தவர்தான். பை சுமப்பவர்களுக்கு மைதானத்துக்குள் வர ஒரு வாசல் இருந்தது. அதனால் திறமை வெளியே வந்தது. பேருந்தில் வந்து படிக்கும் மாணவருக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. அப்படி ஒரு வாசல் திறந்திருக்கும் ஊர் செயின்ட் ஆண்ட்ரூஸ். அங்குள்ள பல்கலைக்கழகம் 1413இல் தோன்றியது. ஓல்டு கோர்ஸ் அதற்குச் சொந்தமல்ல, ஊருக்குப் பொது. மாணவர்களும் ஆண்டுச் சீட்டு எடுத்து ஆடலாம். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டத்துக்கு விடுமுறை விட்டு, ஊர்க்காரர்கள் நாயோடு நடக்கிறார்கள்.

மாணவருக்கு வாசல் திறக்கும் இந்த ஏற்பாடு மைசூருக்கும் பொருந்தும். கிளப்பும் பல்கலைக்கழகமும் உட்கார்ந்து பேசினால் போதும். பந்தயம் இல்லாத வார நாள்களில், வெயில் ஏறிய பிறகு, உறுப்பினர்கள் வீடு திரும்பியபின் ஒன்பது ஹோல்களை மாணவருக்கு விடலாம். டீக்களை முன்னால் தள்ளி வைக்கலாம், பழைய மட்டைகளைச் சேர்த்து வாடகைக்குக் கொடுக்கலாம், கேடிகளுக்குக் கூலி கொடுத்துப் பயிற்றுநராக்கலாம். இதற்குப் புது நிலமும் வேண்டாம், புதுத் தண்ணீரும் வேண்டாம். மலையடிவாரத்தில் அகலமான மைதானம் தயாராக இருக்கிறது. கேட்டைத் திறக்கும் முடிவுதான் பாக்கி.