முதலுதவிப் பெட்டியில் எது தீர்ந்தது?

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள் நம் பெரியோர். பள்ளித் திடலில் அந்த அணைக்குப் பெயர் முதலுதவிப் பெட்டி.

பல்கலைக்கழக விடுமுறையில், பெஸ்தாரி ஜெயாவை அடுத்த ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியின் காற்பந்துக் குழுவுக்கு உதவச் சென்றிருந்தேன். 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கிய ஊர் அது. சுற்றிலும் செம்பனை. மாவட்ட மருத்துவமனையோ தஞ்சோங் காராங்கில் இருக்கிறது. அடிபட்ட மாணவனுக்கும் மருத்துவருக்கும் இடையில் நீண்ட சாலை. அந்த இடைவெளியைச் சமாளிப்பதுதான் பெட்டியின் வேலை. மாவட்டப் போட்டிக்கு முன் அதை நிரப்பும் பொறுப்பை ஆசிரியர் என்னிடம் ஒப்படைத்தார்.

ஒரு காலத்தில் பெரிய தோட்டங்களில் மருந்தகம் இருந்தது; டிரசரும் இருந்தார். காயம் பட்டால் நள்ளிரவிலும் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தபின் அவற்றுள் பல மூடப்பட்டன. என் தாத்தா அப்படியொரு மருந்தகத்தில் டிரசருக்கு உதவியாளராக இருந்தவர். கடைக்குப் போகுமுன் அவரிடம் யோசனை கேட்டேன்.

“பெட்டியில என்ன இருக்குன்னு பாக்காதய்யா. எது தீந்து போயிருக்குன்னு பாரு” என்றார்.

பெட்டியைத் திறந்தேன். முக்கோணக் கட்டுத்துணி உறை பிரிக்காமல் இருந்தது. காலாவதியான வலி மாத்திரைகளும் காய்ந்துபோன மஞ்சள் மருந்தும் இருந்தன. பிளாஸ்டர், காஸ் துணி, சுளுக்குக்குச் சுற்றும் கிரேப் பேண்டேஜ் ஆகியவை அறவே இல்லை. நம் பிள்ளைகளுக்கு என்ன நேர்கிறது என்பதை அந்த வெற்றிடங்களே சொல்லிவிட்டன.

ஆகவே அவற்றையே அதிகமாக வாங்கினேன். சிராய்ப்பைக் கழுவ சலைன், கையுறை, கத்தரிக்கோல், ஒட்டுநாடா ஆகியவையும் சேர்ந்தன. செம்பனைக்குள் ஓடிய பந்தை எடுக்கப் போகிறவன் பல வேளை முள்ளோடுதான் திரும்புவான். அதனால் நல்ல முள்வாங்கி ஒன்று. மேலாகத் தைத்த முள்ளை மட்டுமே நாம் எடுக்கலாம். மூட்டருகே ஆழமாக ஒடிந்ததைத் தோண்டாமல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பனிக்கட்டிக்குத் தனிப்பெட்டி. அதைத் துணியில் சுற்றி, ஒரு வேளைக்கு 20 நிமிடத்துக்கு மேற்படாமல் சுளுக்கின்மேல் வைக்கலாம்.

2023 மே மாதத்தில் கடும் வெப்பத்தால் பள்ளிகளின் வெளிப்புற நடவடிக்கைகளைக் கல்வியமைச்சு நிறுத்தி வைத்தது நினைவிருக்கும். எனவே குடிநீரும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் பெட்டியைச் சேர்ந்தவையே. வெயிலில் ஆடியவன் தடுமாறி, பேச்சுக் குழறினால் தாமதம் கூடாது. 999ஐ அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிற வேண்டும். வறட்சியில் ராஜா மூசா வனத்தின் கரிமண் எரிந்தால் புகைமூட்டம் வேறு. ஆஸ்துமா உள்ள மாணவனின் இன்ஹேலர், பெயர் ஒட்டி, பெற்றோர் சம்மதத்தோடு மேல்தட்டில் இடம்பெற்றது.

காலாவதியானவற்றை அகற்றினேன். பெற்றோர் அனுமதியின்றி மாத்திரை கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். மூடியின் உட்புறத்தில் பெற்றோரின் தொலைபேசி எண்களையும், யாருக்கு எது ஒவ்வாது என்பதையும் எழுதி ஒட்டினோம். கடைசியாக ஒரு சிறு நோட்டுப் புத்தகம். பொறுப்பாளர், ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன்.

முதல் ஆட்டத்திலேயே கோல்காவலனின் மூக்கில் பந்து பட்டு இரத்தம் வழிந்தது. “தலைய அண்ணாந்து பிடி!” என்று வெளியிலிருந்து பல குரல்கள்.

“இல்ல, முன்னால குனிஞ்சு உக்காருடா. வாயால மூச்சு விடு” என்றான் நம் பொறுப்பாளன். பயிற்சியில் சொன்னபடி மூக்கின் மென்பகுதியை அழுத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி 10 நிமிடம் பிடித்திருந்தான். இரத்தம் நின்றது. கையுறையைக் கழற்றி, கை கழுவி வந்து நோட்டில் எழுதினான்: “காஸ் 2, கையுறை 1. வாங்க வேண்டும்.”

அருகில் டிரசர் இல்லாத தோட்டங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகள்தாம் இனி நமக்குத் துணை. விடுமுறைக்கு ஊர் திரும்பும் நண்பர்களே, நீங்கள் படித்த பள்ளிக்கு ஒருநாள் சென்று அங்குள்ள பெட்டியைத் திறந்து பாருங்கள். தீர்ந்ததை வாங்கிக் கொடுங்கள். ஒரு மாணவனுக்காவது அதைப் பயன்படுத்தக் கற்றுக் கொடுங்கள்.