நாகர்கோவிலிலேயே வழக்குப் போடலாம்

குலசேகரத்திலிருந்து முடி நடவும் மூக்கைத் திருத்தவும் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறுகிற நம்ம பிள்ளைகளுக்குத்தான் இதை எழுதுகிறேன். 2016-இல் சென்னையில் முடி நடப் போன மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தே போனார். மயக்க மருந்து கொடுத்தவர் பாதியிலேயே கிளம்பிவிட்டார் என்று அப்போது செய்தி வந்தது. டாக்டருக்குப் படித்த பிள்ளை! இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது. முடி நடுவதை டாக்டர்கள் யூடியூப் பார்த்துக் கற்றது பயிற்சியாகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சொல்ல வேண்டியிருந்தது.

சிகிச்சை கெட்டால் பலர் முகத்தை மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் முடங்குகிறார்கள். அழகு தேடிப் போனவளுக்கு இது வேணும் என்று ஊரும் பேசும். அந்தப் பேச்சு அநியாயம். காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2019 சட்டப்படி, சிகிச்சை எந்த ஊரில் நடந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். சிகிச்சைக்குக் கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை.

ஆனால் கவனக்குறைவை நாம்தான் நிரூபிக்க வேண்டும். நினைத்த அழகு வரவில்லை என்பது மட்டும் போதாது. ரசீது, கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாள், முன்னும் பின்னும் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கேஸ் ஷீட்டை ஆஸ்பத்திரியிடம் எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தந்தாக வேண்டும். வழக்குப் போட இரண்டு வருஷம்தான் அவகாசம், தள்ளிப்போடாதீர்கள்.