எட்சாக்கை விட்டு நகராமல்

ஞாயிறு, இரவு

எட்சாக் பற்றிப் பேசத்தான் இன்று நூலகத்தில் கூடினோம். கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் குழுவினர் கட்டிய கணினி அது. 1949 மே 6 அன்று முதல் நிரலை ஓட்டி, 0 முதல் 99 வரையுள்ள எண்களின் வர்க்கங்களை அச்சிட்டுக் கொடுத்தது. அந்த நிரலை அது எதில் வைத்திருந்தது என்ற கேள்விக்கு வருவதற்குள் பேச்சு கைப்பேசிக்குத் தாவி, அதன் விலைக்குப் போய், செயற்கை நுண்ணறிவு யார் யார் வேலையைப் பறிக்கும் என்பதில் வந்து நின்றது. நூலகர் கதவைப் பூட்ட வந்துவிட்டார். அதன் நினைவகமாக இருந்த பாதரசக் குழாயைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மனசு ஆறவில்லை.

புதன்

கைப்பேசி பற்றிப் பேச எங்கேயும் ஆள் கிடைக்கும். ஐந்தடி எஃகுக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, அதில் எண்களைச் சேமித்தார்கள் என்றால் உட்கார்ந்து கேட்பதற்கு இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

குழாயின் ஒரு முனையில் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் மின்துடிப்பை ஒலியாக்கும். அந்த ஒலி பாதரசத்துக்குள் நகர்ந்து மறுமுனையை அடைய ஏறக்குறைய ஒரு மில்லிநொடி ஆகும். அங்கே இன்னொரு படிகம் அதைத் திரும்ப மின்துடிப்பாக்கும். தேய்ந்துபோனதைப் பெருக்கி மறுபடி முதல் முனைக்கே அனுப்புவார்கள். இந்தச் சுற்று நின்றால் சேமித்தது போய்விடும். போர்க்கால ரேடாரில் பழகிய உத்தி இது. இதைப் புரிந்துகொள்வதற்கே ஒரு சாயங்காலம் முழுக்க வேண்டும்.

ஞாயிறு

இன்று மறுபடி எட்சாக்கையே எடுத்துக் கூடினோம். நடுவில் ஒருவர் லண்டன் டீக்கடைகளைப் பற்றி ஆரம்பித்தார். “சார், அதெல்லாம் வெளியே போய்ப் பேசிக்கலாமே” என்றார் பக்கத்திலிருந்தவர். “இல்லை, அவர் சொல்லட்டும்” என்றேன். டீக்கடைகள் நடத்திய லயன்ஸ் நிறுவனம்தான் எட்சாக் வேலைக்கு 3,000 பவுண்டு கொடுத்தது. பிறகு எட்சாக்கையே மாதிரியாக வைத்து லியோ என்ற சொந்தக் கணினியைக் கட்டி, 1951 நவம்பரில் தன் ரொட்டி, கேக் தயாரிப்புக் கணக்கை அதில் போட்டது. இதைப் பேசாமல் எட்சாக் கதை முடியாது.

எடுத்த கணினிக்குத் திரும்பி வருகிற பேச்சு எவ்வளவு சுற்றினாலும் சுற்றட்டும். திரும்பி வராத பேச்சை, பேசுகிறவர் எவ்வளவு பெரியவரானாலும், அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு லியோ. வருகிறவர்கள் அதைப் பற்றி ஒரு கேள்வியாவது எழுதிக்கொண்டு வாருங்கள். மற்றதையெல்லாம் கூட்டம் முடிந்த பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவோம்.